கைமாறு

வளைவில் திரும்பும்போது வெடிச்சத்தம் கேட்டது.
துப்பாக்கி என்றது காது.
வேறெதற்கோ இருக்கும் என்றன கால்கள்.

தூரத்தில் வெள்ளைக் கோட்டிலிருந்து
நான்கு பெண்கள் ஒன்றாகக் கிளம்பினார்கள்.
நால்வர் தோளிலும் ஒரே மஞ்சள்,
போட்டிக் குழு இரவல் தந்த பட்டைகள்.
மூன்றாவதாகப் போனவள் மினெகிஷி.
திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினாள்,
ஓட்டக்காரி ஒருபோதும் செய்யக்கூடாதது.

எங்கள் பட்டை கரும்பச்சை.
ஒகிட்சுவின் வியர்வை,
அதன்மேல் தமாயின் வியர்வை,
அதன்மேல் பத்துக் கிலோமீட்டர் என்னுடையது.
பிழிந்தால் மூவரையும் பிரிக்க முடியாது.

விதி எளியது.
முதல் அணி கடந்து பத்து நிமிடம்வரை காத்திருப்பார்கள்.
அதற்குமேல் கடலோரச் சாலையைப் பூட்டிவைக்க முடியாது,
மீன் லாரிகள் நிற்கின்றன.
நான் வந்தது
பத்து நிமிடம் பதினொரு விநாடியில்.

நீட்டிய கையோடு கோட்டைத் தாண்டினேன்.
பட்டையின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.
பள்ளிச் சீருடையில் ஒரு பையன்
துண்டைப் போர்த்திவிட்டு, இடுப்புவரை குனிந்து,
‘களைத்திருப்பீர்கள்’ என்றான்.
இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் சொல்லும் சொல்,
அலுவலகம் விட்டுப் போகும்போதுகூட.

களைத்திருக்கவில்லை.
அதுதான் விஷயம்.

ஏழாவது கிலோமீட்டர், பாலம்.
டொட்டோரிக் கடலின் ஜனவரிக் காற்று
நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது.
முன்னால் ஒரு சிவப்புச் சட்டை, அகன்ற முதுகு.
அதன் பின்னால் ஒதுங்கினேன்.
கடைசி இரண்டு கிலோமீட்டருக்குச்
சேர்த்துவைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.
நல்ல நிழல் போல இருந்தது அந்த முதுகு.
எவ்வளவு நேரம் இருந்தேன்?
பயிற்சியாளர் குசாக்காவின் கடிகாரத்துக்குத் தெரியும்.
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மதியத்துக்குமேல் நான்
தொழிற்சாலையில் கணக்கெழுதுபவள்.
மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம் என்பார்கள் அங்கே.
பந்தயத்தில் மிச்சம் பிடித்தால்
அது வங்கியில் சேராது,
காலில் தங்கி நாறும்.

ஆகஸ்டில் மலை முகாமில்
ஆயிரம் மீட்டர் பன்னிரண்டு முறை.
பத்தாவதில் வாந்தி, துடைத்துக்கொண்டு பதினொன்று.
இரண்டு கால்நகங்கள் கறுத்து விழுந்தன.
காலை நாலரைக்கு எழுந்த நாட்களுக்குக்
குறிப்பேட்டில் சாட்சி இருக்கிறது.
அத்தனையும் வரவு.
செலவு செய்ய வேண்டியது ஒரே ஒரு பாலத்தில்.

திரும்பும் பேருந்தில் யாரும் என்னைத் திட்டவில்லை.
தமாய் ஆரஞ்சு உரித்து
பாதியை என் மடியில் வைத்தாள்.
திட்டியிருந்தால் தின்றிருப்பேன்.

மறுநாள் ஓய்வு.
இருந்தும் ஆற்றங்கரைக்குப் போனேன்.
மினெகிஷி ஏற்கெனவே அங்கே,
பனிபிடித்த வேலியில் காலை வைத்து நீட்டிக்கொண்டு.
பேசாமல் ஓடினோம்.
நாலாவது கிலோமீட்டரில் சொன்னாள்:
‘அந்த மஞ்சள் ரொம்ப லேசாக இருந்தது.
காய்ந்த துணி.
தோளில் இருக்கிறதா என்று
தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.’
சற்றுத் தள்ளி,
‘முடிந்ததும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.’

என் சட்டைப் பைக்குள் பச்சைப் பட்டை,
இன்னும் துவைக்காதது, உப்புப் பூத்து விறைத்திருந்தது.
கொடுக்கத் தோன்றியது.
இப்போது கொடுத்தால் அது வெறும் துணி.

ரயில் பாலத்தடியில் காற்று எதிரே வந்தது.
பின்னால் வா என்று
முழங்கையை அசைத்தாள் மினெகிஷி,
என்னைவிட ஒரு சாண் குட்டையானவள்.
நான் பக்கவாட்டில் வெளியேறி
அவளைத் தாண்டினேன்.
யாரும் நேரம் பார்க்கவில்லை.
தொடை எரிந்தது, பிறகு கண்,
பிறகு எது எரிகிறது என்றே தெரியவில்லை.
எழுநூறு மீட்டர் இருக்கும்.
புல்லில் மண்டியிட்டு
மூச்சுக்காக வாய் பிளந்து கிடந்தேன்.

மிச்சம் ஏதுமில்லை.
ஒரு நாள் பிந்திய கணக்கு.

‘களைத்திருப்பாய்’ என்றாள் மினெகிஷி,
சிரித்தாளா என்று பார்க்கத் தலை நிமிரவில்லை.
ஆமாம் என்றேன்.